கால அட்டவணையில் ஒரு மணி நேரம் கேட்கிறேன்: கல்லூரிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, விடுதிக் காப்பாளர்களே,

வணக்கம்.

புதிய மாணவர்களை வரவேற்கும் விழாவை நீங்கள் எவ்வளவு சிரத்தையோடு நடத்துகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். மேடை, உரைகள், அறிமுக விளையாட்டுகள், வழிகாட்டிக் கையேடு, வளாகத்தைச் சுற்றிக் காட்டும் மூத்த மாணவர்கள் என்று முதல் வாரம் களைகட்டுகிறது. வாரம் முடிந்ததும் பேனர்கள் இறங்குகின்றன. அதன் பிறகு மாணவர்களுக்கு நட்பு அமைவதும் அமையாததும் அவரவர் சாமர்த்தியம் என்று விட்டுவிடுகிறோம். பழகத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்கிறார். தெரியாதவரைக் கூச்ச சுபாவம் என்று சொல்லிக் கடந்துபோகிறோம்.

கல்லூரி ஆசிரியராக நீண்ட காலம் வேலை பார்த்த எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. ஒரு மாணவருக்குத் துணை கிடைப்பதை அவருடைய சுபாவம் ஓரளவுதான் தீர்மானிக்கிறது. நீங்கள் தயாரிக்கும் கால அட்டவணை, ஒதுக்கும் அறைகள், பிரிக்கும் வகுப்புப் பிரிவுகள், பூட்டும் கதவுகள் ஆகியவற்றுக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது. இதை உங்களிடம் நேராகச் சொல்லவே இந்த மடல்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) படிக்க வந்த திருமணமான மாணவர்களுக்காக ஒரு குடியிருப்பு கட்டினார்கள். யாருக்கு எந்த வீடு என்பதில் மாணவர்களுக்குப் பெரிதாகத் தேர்வு இல்லை. முறைப்படி காலியானதை ஒதுக்கினார்கள். லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அங்கே யார் யாரோடு நெருங்கிப் பழகுகிறார்கள் என்று விசாரித்து, 1950-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடுத்த வீட்டில் இருப்பவரை நண்பராகக் குறிப்பிடும் வாய்ப்பு 41 சதவீதமாக இருந்தது. ஒரு வீடு தள்ளியிருந்தால் அது 22 சதவீதமாகக் குறைந்தது. ஒரே மாடியின் இரு கோடிகளில் இருந்தவர்களிடையே 10 சதவீதம்தான். இத்தனைக்கும் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் சில அடிகள்தான் இடைவெளி. படிக்கட்டின் அருகே குடியிருந்தவர்களுக்கு அடுத்த மாடியிலும் நண்பர்கள் கிடைத்திருந்தார்கள், ஏனென்றால் மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் அவர்கள் வாசலைக் கடந்துதான் போயாக வேண்டும். படிக்கட்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்த பொறியாளர், தமக்குத் தெரியாமலேயே சிலருக்கு நட்பைக் கூட்டியும் சிலருக்குக் குறைத்தும் கொடுத்துவிட்டார்.

விடுதி அறை ஒதுக்கீட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு அறைத் தோழர்களைக் குலுக்கல் போலவே ஒதுக்கிவந்தார்கள். அந்தத் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் புரூஸ் சாசர்டோட் 2001-இல் வெளியிட்ட கட்டுரையில், அறைத் தோழர் யார் என்பது மாணவரின் மதிப்பெண்ணிலும், மாணவர் சங்கங்களில் சேருகிறாரா என்பதிலும் தடம் பதிக்கிறது என்று காட்டினார். ஆக, விடுதிக் காப்பாளர் பதிவேட்டில் எழுதும் அறை எண் வெறும் எண்ணாக நின்றுவிடுவதில்லை. யார் யாரோடு இருப்பார்கள் என்பதில் ஒரு நாள் கூடுதலாகச் செலவிட்டால் வீண் போகாது.

அருகில் இருந்தால் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். நட்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் கணக்கிட்டுப் பார்த்தார். ஊர் மாறி வந்தவர்களையும் முதலாண்டு மாணவர்களையும் கேட்டு 2018-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பர் ஆவதற்குச் சுமார் 50 மணி நேரம், நண்பர் ஆவதற்குச் சுமார் 90 மணி நேரம், நெருங்கிய நண்பர் ஆவதற்கு 200 மணி நேரத்துக்கும் மேல். இதில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வேலையின் பொருட்டு ஒரே இடத்தில் சேர்ந்திருக்க நேர்ந்த நேரம் அவ்வளவாக நட்பாக மாறவில்லை. பேசிச் சிரித்து, சும்மா சேர்ந்திருந்த நேரம்தான் மாறியது. ஒரே வகுப்பில் ஓர் ஆண்டு முழுவதும் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்த இருவர், ஒருவரை ஒருவர் அறியாமலேயே தேர்வு எழுதிவிட்டுப் போவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் கால அட்டவணையை எடுத்து விரித்துப் பாருங்கள். ஒரு துறைக்கு மூன்றாம் பாடவேளையில் ஓய்வு, இன்னொரு துறைக்கு ஐந்தாம் பாடவேளையில். ஆய்வக வசதிக்காக ஒரு பிரிவுக்கு மதிய இடைவேளை முன்கூட்டியே வருகிறது, இன்னொரு பிரிவுக்குத் தள்ளிப்போகிறது. இரண்டு துறை மாணவர்கள் ஒரே நேரத்தில் கைவீசி நடக்க முடிகிற ஒரு மணி நேரம்கூட வாரத்தில் இல்லை. மாலை மணி அடித்ததும், வீட்டிலிருந்து வந்து போகும் மாணவர்கள் பஸ் பிடிக்க ஓடுகிறார்கள். வகுப்பறைகளைப் பூட்டிவிடுகிறீர்கள். 200 மணி நேரம் எங்கிருந்து வரும்?

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் துறை அலுவலகத்துக்கு எதிரே, தாழ்வாரத்தில், ஒரு நீளமான மர பெஞ்சு கிடந்தது. கைவைத்துக் கைவைத்து அதன் ஓரங்கள் மழுங்கிப் போயிருந்தன. ஆசிரியரைப் பார்க்கக் காத்திருப்பவர், அடுத்த வகுப்புக்கு முன்னால் வந்தவர், ஆய்வக நோட்டில் கையெழுத்து வாங்க வந்தவர் என்று எல்லோரும் அதில் உட்காருவார்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவர் தமது செயல்திட்டத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருப்பார்; பக்கத்தில் முதலாண்டு மாணவி வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். சில வாரங்களில் அந்த மாணவியே அவரிடம் பழைய குறிப்பேடுகளைக் கேட்டு வாங்குவார். எந்த ஆசிரியரை எந்த நேரத்தில் பார்த்தால் பொறுமையாகப் பேசுவார், எந்த விருப்பப் பாடம் கடினம், உதவித்தொகை விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தைத் தவறவிடக் கூடாது என்பதெல்லாம் அந்த பெஞ்சில்தான் கைமாறின. சத்தம் அதிகமாக இருக்கிறது என்று ஒரு விடுமுறையில் அதை எடுத்துவிட்டார்கள். தாழ்வாரம் சுத்தமாகவும் அமைதியாகவும் ஆனது. மூத்த மாணவர்களும் இளைய மாணவர்களும் சந்திப்பதற்கு அந்தத் துறையில் வேறு இடமே இருக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்தவர்கள், பெஞ்சில் தானாகக் கைமாறிய தகவல்களுக்காக அலுவலக ஜன்னலில் வரிசையில் நின்றார்கள்.

பேச்சும் சத்தமும் படிப்புக்கு இடையூறு என்ற எண்ணம் நிர்வாகங்களில் ஆழமாக வேரோடிப் போயிருக்கிறது. அது எவ்வளவு தவறு என்பதற்கு யூரி டிரைஸ்மனின் அனுபவம் நல்ல சான்று. 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்துவந்த அவர், நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் ஏன் இவ்வளவு அதிகமாகத் தோற்கிறார்கள் என்று தேடத் தொடங்கினார். ஆர்வம் போதாது, பள்ளியில் அடிப்படை சரியில்லை, வீட்டில் ஊக்கம் இல்லை என்று சக ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டிரைஸ்மன் இந்த ஊகங்களோடு நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் 20 பேரையும், நன்றாகத் தேறிக்கொண்டிருந்த சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேரையும் கூடவே இருந்து கவனித்தார். சொல்லப்பட்ட காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் கடுமையாகவே உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாக உழைத்தார்கள். படிப்பு வேறு, நட்பு வேறு என்று இரண்டையும் பிரித்தே வைத்திருந்தார்கள். சீன மாணவர்களோ முதலில் தனியாகக் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு ஒன்றுகூடி விடைகளை ஒப்பிட்டார்கள். ஒருவர் தவறை மற்றவர் திருத்தினார். யாருக்குமே வராத கணக்கு என்றால் அது கணக்கின் கடினம்தான், தன் மூளையின் குறை இல்லை என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிட்டது. தனியாகப் படித்த மாணவருக்கு இந்தத் தகவல் கிடைக்க வழியே இல்லை. தேர்வில் மதிப்பெண் குறைந்தபோது, தனக்குக் கணிதம் வராது என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார்.

டிரைஸ்மன் செய்தது சிறப்பு வகுப்பு இல்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்து, சேர்ந்து உட்கார்ந்து போடும் பட்டறைகளை ஏற்படுத்தினார். பின்தங்கியவர்களுக்கான உதவி என்று அதை அவர் அழைக்கவும் இல்லை. திறமைசாலிகளுக்கான இடம் என்றே அழைப்பு விடுத்தார். பட்டறையில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி கண்கூடாக உயர்ந்தது. பிற பல்கலைக்கழகங்களும் அந்த முறையைக் கடைப்பிடித்தன. தோற்ற மாணவர்களைத் தனியே பிரித்து, மாலையில் மறுபடியும் அதே பாடத்தை அதே குரலில் நடத்தும் துறைத் தலைவர்களுக்கு இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு சொல்கிறேன்: அந்த மாலை நேரத்தில் மாணவர்களை நான்கு நான்கு பேராக வட்டமாக உட்காரவையுங்கள். ஆசிரியர் மேசைக்கு மேசை போய்ப் பார்த்தால் போதும்.

நான் மிகவும் கவலைப்படுவது இரண்டாம் ஆண்டைப் பற்றி.

முதலாண்டில் எல்லோருமே புதியவர்கள் என்பதால் யாரும் யாரிடமும் பேசலாம். கதவுகள் திறந்தே இருக்கும். தனக்கு மட்டும்தான் இந்த இடம் ஒட்டவில்லை என்று மாணவர்கள் அஞ்சினாலும், அந்த அச்சத்தைத் தணிக்க எளிய வழி உண்டு. உளவியலாளர்கள் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் தங்களுக்கும் இப்படித்தான் இருந்தது, நாளாக நாளாகச் சரியாயிற்று என்று மூத்த மாணவர்கள் சொன்னதைப் படிப்பதும், அதைத் தம் அனுபவத்தோடு சேர்த்து எழுதுவதும்தான் பயிற்சி. அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. அவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. மூத்தவர் ஒருவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்வதற்கு இவ்வளவு வலிமை இருக்கிறது.

முதலாண்டு முடிகிறபோது நீங்கள் செய்வது என்ன? பல கல்லூரிகளில் மதிப்பெண் வரிசைப்படியோ நிர்வாக வசதிப்படியோ பிரிவுகளைக் கலைத்து மறுபடி அமைக்கிறார்கள். விடுதி அறைகளையும் மாற்றுகிறார்கள். என் வகுப்பில் இருந்த ஒரு மாணவியை மறக்க முடியவில்லை. முதலாண்டில் நான்கு பேர் சேர்ந்து கடைசி வரிசையில் உட்காருவார்கள்; ஒருவர் வராவிட்டால் மற்றவர் குறிப்பெடுத்துவைப்பார். இரண்டாம் ஆண்டில் அந்த நால்வர் நான்கு பிரிவுகளுக்குப் போனார்கள். புதிய பிரிவில் எல்லோருக்கும் ஏற்கெனவே கூட்டம் அமைந்திருந்தது. இந்தப் பெண் வகுப்பு தொடங்கும் நொடியில் உள்ளே வந்து, முடிந்த நொடியில் வெளியே போகத் தொடங்கினார். வினாத்தாள் வழிகாட்டி எல்லாம் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில்தான் வரும்; அந்தக் குழுவில் இவரைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு ஒப்படைப்பின் தேதி மாறியதுகூடத் தெரியாமல் பழைய தேதியிலேயே கொண்டுவந்து நின்றார். வருகைப் பதிவு குறைந்தபோது அபராதக் கடிதம்தான் போயிற்று. யாரும் அவரிடம் பேசவில்லை. அந்த ஆண்டே அவர் படிப்பை நிறுத்திக்கொண்டு போனார். நிர்வாகத்தின் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதியிருந்தது.

மாணவர்கள் படிப்பை நடுவில் விடுவதைப் பற்றிக் கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975-லேயே விரிவாக எழுதினார். மதிப்பெண்ணும் பணமும் மட்டுமே காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், பாடத்தோடும் மனிதர்களோடும் ஒட்டுதல் ஏற்படாத மாணவர்தான் கழன்றுகொள்கிறார் என்று அவர் சுட்டிக்காட்டினார். அந்த ஒட்டுதல் ஒரு முறை ஏற்பட்டால் நிரந்தரமாகிவிடுவதில்லை. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கும், வீட்டிலிருந்து வந்து போகிறவர்களுக்கும் வகுப்பறை ஒன்றே மனிதர்களைச் சந்திக்கும் இடம் என்பதையும் டின்டோ பின்னாளில் வலியுறுத்தினார். மாலை நேரச் சங்கங்களையும் இரவு நிகழ்ச்சிகளையும் எத்தனை ஏற்பாடு செய்தாலும், நான்கு மணி பஸ்ஸில் ஏறிப் போகிறவருக்கு அவை எட்டாது. இரண்டாம் ஆண்டில் வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு வரவேற்பு விழாவும் கிடையாது.

மாணவர்கள் தாமாக முயன்று பழகக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். முயல்கிறார்கள். ஆனால் முயல்பவர் மனதில் ஒரு தவறான கணக்கு ஓடுகிறது. உளவியலாளர் எரிக்கா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அதை விளக்குகிறது. முதல் முறையாகப் பேசிய இருவரைத் தனித்தனியே கேட்டால், எதிரே இருந்தவருக்குத் தன்னைப் பிடித்திருந்த அளவை இருவருமே குறைத்தே மதிப்பிடுகிறார்கள். விடுதியில் சேர்ந்து தங்கிய முதலாண்டு மாணவர்களிடையே இந்தத் தவறான எண்ணம் மாதக்கணக்கில் நீடித்தது. அதாவது, அவர்களை இவர்களுக்கும் இவர்களை அவர்களுக்கும் பிடித்திருக்கிறது. இரு தரப்பும் அது தெரியாமல் ஒதுங்கி நிற்கின்றன. மறுபடி மறுபடி சந்திக்கும் வாய்ப்பு இருந்தால் இந்தத் திரை தானாக விலகும். ஒரே ஒரு அறிமுக விளையாட்டோடு விட்டுவிட்டால் விலகாது.

நட்பு என்றால் நல்லதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். ஜேனிஸ் மெக்கேப் என்ற சமூகவியலாளர் மாணவர்களின் நட்பு வலைகளை வரைந்து பார்த்து மூன்று வகைகளைக் கண்டார். சிலருக்கு எல்லோரும் எல்லோருக்கும் நண்பர்களாக இருக்கும் ஒரே நெருக்கமான கூட்டம். சிலருக்கு இரண்டு மூன்று தனித்தனிக் கூட்டங்கள். இன்னும் சிலருக்கு அங்கொருவர் இங்கொருவராக, ஒருவரை ஒருவர் அறியாத நண்பர்கள். நெருக்கமான ஒரே கூட்டம் உள்ளவர்களை அந்தக் கூட்டமே தூக்கியும் விட்டது, சிலரைக் கீழே இழுத்தும் விட்டது. உதிரியாக நண்பர்கள் வைத்திருந்தவர்கள் படிப்பில் தேறினாலும் உள்ளுக்குள் தனிமையை உணர்ந்தார்கள். ஒரு மாணவர் சிரித்த முகத்தோடு பத்துப் பேருக்கு வணக்கம் சொல்வதை வைத்து அவர் நலமாக இருக்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே போல, புத்தகத்தோடு மரத்தடியில் தனியே இருப்பதை விரும்பி அனுபவிக்கும் மாணவரைப் பிடித்து நிகழ்ச்சிகளில் திணிக்கவும் வேண்டாம். ராகிங்கையும், ஆளை ஒதுக்கிவைக்கும் கூட்டங்களையும் ஒற்றுமை என்ற பெயரில் பொறுத்துக்கொள்வது மன்னிக்க முடியாத குற்றம்; அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கல்லூரிக் காலத்துப் பழக்கம் மாணவரை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு 1930-களிலேயே ஒருவர் விடை தேடினார். அப்போது புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த அமெரிக்காவின் பென்னிங்டன் பெண்கள் கல்லூரியில் சமூக உளவியலாளர் தியோடர் நியூகோம் பணியாற்றினார். பழமைவாதக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவிகள், முற்போக்கு எண்ணம் கொண்ட அந்தச் சிறிய சமூகத்தில் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறார்கள் என்று பதிவு செய்தார். முதலாண்டு மாணவிகளின் அரசியல் கருத்து பெற்றோரின் கருத்தை ஒட்டியிருந்தது. மேல் வகுப்புகளுக்குப் போகப் போக விலகிக்கொண்டே வந்தது. சுமார் 25 ஆண்டுகள் கழித்து அதே பெண்களை மறுபடி சந்தித்தபோதும் பெரும்பாலோர் கல்லூரியில் ஏற்பட்ட கருத்துகளிலேயே நின்றார்கள். தங்கள் கருத்தோடு ஒத்துப்போகிற வாழ்க்கைத் துணையையும் நண்பர்களையும் அவர்கள் தேடிக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். கல்லூரியில் யாரோடு உட்கார்ந்து பேசினோம் என்பது நடு வயது வரைக்கும் கூடவே வருகிறது.

வேலை தேடும் நேரத்தில் நெருங்கிய நண்பர்களைக் காட்டிலும் அறிமுகமானவர்கள் அதிகம் உதவுகிறார்கள் என்பதைச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் காட்டினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோர், அந்தத் தெரிந்தவரை எப்போதாவதுதான் சந்தித்துக்கொண்டிருந்தார்கள். காரணம் எளிது: நெருங்கிய நண்பருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்து அறிமுகம்தான் புதிய செய்தி கொண்டுவரும். வேறு துறை மாணவரின் பெயரையே அறியாமல் ஒருவர் பட்டம் வாங்கிப் போகும்படி கல்லூரியை அமைத்தால், பின்னாளில் அவருக்கு உதவக்கூடிய அத்தனை பேரையும் முன்கூட்டியே அவரிடமிருந்து பறித்துவிடுகிறோம்.

ஆசிரியர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காலப் கருத்துக்கணிப்பு நிறுவனமும் பர்டூ பல்கலைக்கழகமும் 2014-இல் அமெரிக்கப் பட்டதாரிகள் 30,000-க்கும் மேற்பட்டோரிடம் விசாரித்தபோது, தன்மீது அக்கறை காட்டிய பேராசிரியர், கற்பதில் ஆர்வமூட்டிய பேராசிரியர், கனவுகளைத் தொடர ஊக்குவித்த வழிகாட்டி ஆகிய மூன்றும் தமக்குக் கிடைத்ததாக உறுதியாகச் சொன்னவர்கள் 14 சதவீதம் மட்டுமே. அவர்கள் வேலையில் ஈடுபாட்டோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல். அமெரிக்காவின் ஹாமில்டன் கல்லூரி மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டேனியல் சாம்ப்லிஸும் கிறிஸ்டஃபர் டகாக்ஸும் கண்டதோ நம்பிக்கை தரும் செய்தி: மாணவருக்கு வேண்டியது அதிகம் இல்லை. இரண்டு மூன்று நல்ல நண்பர்கள், ஓரிரு நல்ல ஆசிரியர்கள் அமைந்தால் பெரும்பாலும் போதும். ஆனால் அந்த ஓரிரு ஆசிரியருக்கும் நேரம் வேண்டுமே! பாடவேளைகள், விடைத்தாள்கள், அங்கீகாரக் குழுவுக்கான கோப்புகள் என்று மூச்சுமுட்ட வைத்துவிட்டு, மாணவர்களோடு பழகுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்புவதில் பயனில்லை. மாணவர் சந்திப்புக்கு ஒதுக்கும் நேரத்தைப் பணிச்சுமைக் கணக்கில் சேருங்கள்.

தனிமை உடலையும் தாக்குகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாகவும், இளைஞர்களிடையே அது அதிகம் என்றும் சொல்கிறது. உங்கள் வளாகத்தில் ஆலோசகர் ஒருவரை நியமித்திருப்பீர்கள், நல்லது. அவர் அறைக்கு வெளியே வரிசை நீளும்போது இரண்டாவது ஆலோசகரைத் தேடுவதோடு, கால அட்டவணையையும் ஒரு முறை பாருங்கள்.

நான் உங்களிடம் கேட்பது பணம் அதிகம் பிடிக்கும் காரியங்கள் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது, நடுப்பகலில், கல்லூரி முழுவதற்கும் பொதுவான ஒரு மணி நேரத்தைக் காலியாக விடுங்கள். அந்த நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள், சிறப்புரை வைக்காதீர்கள், ஈடுசெய் வகுப்பு வைக்காதீர்கள். சும்மா இருக்கும் நேரமாகவே அது இருக்கட்டும். வகுப்புப் பிரிவுகளை ஆண்டுதோறும் கலைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். கலைத்தே ஆக வேண்டுமானால் மாணவர் ஒவ்வொருவரும் தம்மோடு வர விரும்பும் இரண்டு பேரின் பெயரை எழுதிக் கொடுக்கட்டும், அதில் ஒருவரையாவது சேர்த்து வையுங்கள். தாழ்வாரங்களில் உட்கார இடம் போடுங்கள். மாலையில் சில வகுப்பறைகளைத் திறந்து வையுங்கள். வந்து போகும் மாணவர்களுக்குப் பையை வைத்துவிட்டு இளைப்பாற ஓர் அறை கொடுங்கள். பாடம் தொடர்பான எந்த அறிவிப்பும் மாணவர்களின் சொந்த வாட்ஸ்அப் குழுவை நம்பி இருக்கக் கூடாது. எல்லோருக்கும் எட்டும் பொதுவழியிலேயே வரட்டும். ஆய்வகக் கூட்டாளியைப் பதிவு எண் வரிசைப்படியே நான்கு ஆண்டும் ஒட்டிவைக்காமல், பருவத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். வகுப்புத் தோழர்களை விட்டுப் பிரிக்காமலேயே புதிய முகங்களைச் சந்திக்க அது வழி செய்யும். இரண்டு வாரம் தொடர்ந்து வராத மாணவருக்கு அபராதக் கடிதம் போவதற்கு முன், அவரை அறிந்த ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு நலம் விசாரிக்கட்டும். 'வகுப்பில் உங்களைக் காணவில்லை, நன்றாக இருக்கிறீர்களா' என்பதற்கு மேல் அவர் எதுவும் கேட்க வேண்டாம்.

இவற்றில் எது பலன் தருகிறது என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும், முதலாண்டு முதல் இறுதியாண்டு வரை எல்லா மாணவர்களிடமும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். உங்களுக்கு ஒரு வாரம் உடல்நிலை சரியில்லாமல் போனால், இந்தக் கல்லூரியில் அதைக் கவனித்து உங்களைத் தேடி வருகிறவர் யாராவது இருக்கிறாரா? உங்கள் பெயரும் உங்கள் விருப்பமும் தெரிந்த ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா? பெயர் எழுதாமல் பதில் தரட்டும். உதவி வேண்டுமென்று சொல்ல விரும்புகிறவர்கள் மட்டும் பெயரைச் சேர்க்கட்டும். ஆண்டு வாரியாக, துறை வாரியாக, விடுதி மாணவர் தனி, வந்து போகிறவர் தனி என்று 'இல்லை' என்ற பதில்களை எண்ணுங்கள். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டை வாசிக்கும்போது, அந்தக் கணக்கையும் அதற்கு அடுத்தபடியாக வாசியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் முன்னாள் கல்லூரி ஆசிரியர்